எல்லா ஊருக்கும் வழி எங்கள் வாசலில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஓசூரை ஒட்டிய எங்கள் ஜூஜுவாடியில் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான்: "லீவுக்கு எங்கே?" ஊர் அமைந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் எங்களைப் போல் கொடுத்துவைத்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் தோன்றும். காஷ்மீரில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை எங்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். அந்தப் பக்கம் மைசூரும் நந்தி மலையும், இந்தப் பக்கம் ஏற்காடும் ஒகேனக்கல்லும். ஆனால் கோடை வந்தால் நாங்கள் வீட்டில்தான் இருக்கிறோம்.

முதலில் எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைக்க வேண்டுமே! எங்கள் பெரியவன் அத்திப்பள்ளிப் பக்கம் படிக்கிறான், சின்னவள் ஓசூரில். கர்நாடகப் பள்ளிக்கூடங்கள் ஏப்ரல் முன்பாதியிலேயே மூடிவிடும். அவன் கிரிக்கெட் மட்டையோடு தெருவில் திரியும்போது இவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு லீவு விட்டு, வெயில் நன்றாக ஏறி, ஒரு வழியாகக் கிளம்பலாம் என்று நினைக்கும்போது அவனுக்கு மே கடைசியில் பள்ளி திறந்துவிடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு மாநிலத்து நாட்காட்டி. இதற்கு நடுவில் மிஞ்சுவது மே மாதம்தான். அந்த மாதம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியில் ஆர்டர் குவியும். "பார்க்கலாம், அடுத்த வாரம் சொல்றேன்" என்பதுதான் லீவு கேட்டால் அங்கே கிடைக்கும் பதில்.

அடுத்த வாரம் என்கிற கணக்கெல்லாம் இப்போது செல்லுபடியாகுமா? ரயிலில் 60 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடுகிறது. மதுரைப் பக்கம் மாமியார் ஊருக்குப் போக எங்களுக்கு வாய்த்தது மைசூர் - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ். அது ஓசூருக்கு வருவதற்கு முன்பே பெங்களூரில் நிரம்பி வழியும். லீவு உறுதியாகிற அன்றைக்கு டிக்கெட் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் அனுமார் வால்தான்.

சரி, காரிலோ வேனிலோ போகலாம் என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ஆம் தேதி தொடங்கியது. மறு வருடம் எண்ணிக்கையும் வந்துவிட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்க வேண்டாமா, கட்டுப்பாடு நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் போகிற தேதியைச் சொன்னால்தானே பாஸ்? தேதி எங்கள் கையிலா இருக்கிறது? பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம் என்கிறார்கள். முட்டி வலிக்கிற மாமனாரை வைத்துக்கொண்டு எத்தனை பஸ் மாறுவது? மைசூர் வழியாகப் போகலாம் என்றால் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆல் இந்தியா பர்மிட் இல்லாத மஞ்சள் போர்டு வேன் பிடித்தால் கர்நாடகத்துக்குத் தனி வரி கட்ட வேண்டும். இவ்வளவும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் அங்கே குளிர் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது.

ஏற்காடு பக்கம்தானே என்பார்கள். நாங்கள் இருப்பதே ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில். இங்கிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் என்று டோல்கேட் டோல்கேட்டாகப் பணம் கட்டி இறங்கி, சேலத்து வெயிலில் நன்றாக வெந்து, அப்புறம் 5,000 அடிக்கு ஏற வேண்டும். குளிரைத் தேடிக் கொதிக்கிற இடத்துக்குள் இறங்கிப் போகிற கூட்டம் நாங்கள் மட்டும்தான். ஒகேனக்கல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலுக்குத் தடை, திறக்காவிட்டால் வெறும் பாறை. மீன் வறுவல் மட்டும் எப்போதும் கிடைக்கும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் முகப்பில் நின்று பாருங்கள். பெங்களூரே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பி, அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை பம்பரோடு பம்பர் முட்டி நிற்கும். கூரையில் சாமான், ஜன்னலில் குழந்தை, எல்லாரும் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ. அந்த நேரத்தில் நான் மளிகைக் கடைக்குப் போகச் சாலையைக் கடக்க முடியாமல் பையோடு நிற்பேன். ஊரெல்லாம் உல்லாசப் பயணம் போக வழிவிட்டு நிற்பதுதான் எங்கள் கோடைச் சுற்றுலா.

அந்தக் காலத்தில் இப்படிக் குளிரைத் தேடி வெளியூர் போகவே தேவைப்பட்டிருக்காது. சேலம் ஜில்லா கலெக்டரே சில காலம் ஓசூரில்தான் இருந்தார். பிரெட் என்ற கலெக்டர் இங்கே கோட்டை மாதிரி மாளிகையே கட்டிக்கொண்டார். குளிர்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, கம்பெனிகள் வந்தன, எங்களுக்குச் சோறும் வந்தது, குறை சொல்ல வாயில்லை. ஆனால் மத்தியானம் மொட்டை மாடித் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. ஓசூரில் ஃபேனே வேண்டாம் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்களே, அவர்களை இப்போது ஒரு நாள் எங்கள் வீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. போன வாரம் மதுரையிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, இங்க வெயில் தாங்கலை. உங்க ஊருதான் குளுகுளுன்னு இருக்குமே, பிள்ளைகளோட வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறோம். அப்படியே லால்பாக், மைசூர் எல்லாம் காட்டிருங்க." டிக்கெட் கூடப் போட்டாயிற்றாம். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "அதுக்கென்ன, வாங்க வாங்க" என்றார். அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் கிடைக்காத லீவு அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது.