பண்டோராவின் தாழி

உலகெங்கும் வகுப்பறைகளில் மிகுதியாகச் சொல்லப்படும் கிரேக்கத் தொன்மங்களுள் ஒன்று பண்டோராவின் கதை. திறக்கக் கூடாது எனக் கூறி அளிக்கப்பட்ட பெட்டியை ஆவல் மிகுதியால் ஒரு பெண் திறக்கிறாள். நோயும் துன்பமும் உலகில் பரவுகின்றன. நம்பிக்கை மட்டும் எஞ்சுகிறது. கதை முடிந்ததும் அதன் நீதி யாது என ஆசிரியர் வினவுகிறார். ‘வேண்டாதவற்றை அறிய முற்படாதே’ என மாணவர் எழுதுகின்றனர். பாடம் முடிந்துவிடுகிறது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வடிவத்திலோ அந்த நீதிக்கு இடமே இல்லை.

ஏறத்தாழ கி.மு. 700இல் வாழ்ந்த ஹெசியோட் என்னும் கவிஞர் ‘வேலைகளும் நாள்களும்’ என்னும் நூலில் இக்கதையைக் கூறுகிறார். புரோமித்தியூஸ் மனிதருக்காக நெருப்பைத் திருடுகிறான். சினமுற்ற சீயஸ், மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு பெண்ணை உருவாக்கச் செய்கிறான். சீயஸ் தரும் பரிசு எதனையும் ஏற்காதே என்ற தமையனின் சொல்லை மறந்து, எபிமெத்தியூஸ் அவளை ஏற்றுக்கொள்கிறான். அவள் மூடியை அகற்றுகிறாள்; தீமைகள் சிதறுகின்றன. திறக்காதே என எவரும் அவளைத் தடுத்ததாக ஹெசியோட் கூறவில்லை. அவளுடைய ஆவலைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

பெட்டியும் இல்லை. அவர் குறிப்பிடுவது ‘பித்தோஸ்’. தானியமும் எண்ணெயும் திராட்சை மதுவும் சேமிக்கும் பெரிய மண் தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் இலத்தீனில் இக்கதையைக் கூறியபோது அதனைச் சிறு பெட்டியாக்கினார். இது சிறு மாற்றம் அன்று. பெட்டி மறைபொருளுக்கு உரியது. அதைத் திறப்பது அத்துமீறல் போலத் தோன்றும். தாழியோ ஆண்டு முழுவதற்குமான உணவைக் காப்பது. அதன் மூடியைத் திறப்பது இல்லத்தின் அன்றாடப் பணி. உழவின் அருமையைப் பாடும் நூலில் துன்பம் உணவுத் தாழியிலிருந்து வெளிப்படுவது கருதத்தக்கது.

இக்கதையின் கடினமான பகுதி இறுதியில் உள்ளது. தீமைகள் நிறைந்த தாழியில் நம்பிக்கைக்கு என்ன வேலை? தாழியிலிருந்து வெளியேறியவை மனிதரை வருத்துகின்றன எனின், உள்ளேயே தங்கிய நம்பிக்கை மனிதருக்குக் கிடைத்ததா, மறுக்கப்பட்டதா? ‘எல்பிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் நன்மையை நம்புவதை மட்டுமின்றித் தீமையை எதிர்பார்ப்பதையும் குறிக்கும். அறிஞர் இன்றும் இதில் உடன்பட்டாரில்லை. பிற்காலத்துப் பாப்ரியஸ் கூறும் கதையில் தாழியில் இருந்தவை நன்மைகள். ஆவலால் திறந்தவன் மனிதன். நன்மைகள் பறந்து தேவர்களிடம் சென்றன. 1850களின் தொடக்கத்தில் சிறுவர்க்காக எழுதிய ஹாதோர்ன் என்னும் அமெரிக்கர், நம்பிக்கையையும் ஒளிவீசும் சிறகுகளுடன் வெளியே பறக்கவிட்டார். சிறுவர்க்கு அது இனிய கதையே. பதினாறு வயது மாணவர்க்கும் அதனையே தருவது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.

மூலத்திற்குத் திரும்பினால் எல்லாம் சீராகிவிடும் என்பதும் இல்லை. ஹெசியோட் பெண்ணினத்தையே ஆண்களுக்கு நேர்ந்த கேடாகப் பேசுகிறார். ஆசிரியர் அதனை மறைக்கவும் வேண்டா, ‘அக்காலத்து வழக்கம்’ என்று ஒரே தொடரில் கடக்கவும் வேண்டா. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கிண்ணம் ஒன்றில் இதே பெண்ணுக்கு ‘பரிசுகளை மேலே அனுப்புபவள்’ என்னும் பொருளுடைய பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெயர் விளைச்சல் தரும் நிலத்தை நினைவூட்டுகிறது. கிரேக்கர்களே அவளை ஒரே விதமாகக் காணவில்லை என்பதற்கு அக்கிண்ணம் சான்று.

இத்தனை வடிவங்களைக் கற்பிக்கப் பாடவேளை போதாது எனச் சிலர் கூறலாம். அனைத்தும் தேவையில்லை. ஹெசியோடின் பகுதியையும் பாப்ரியஸின் கதையையும் அருகருகே வைத்தால் போதும். தேர்வில் ‘இக்கதையின் நீதி யாது?’ என்பதற்கு மாற்றாக, ‘இவ்விரு கதைகளில் பழி யார்மீது விழுகிறது? ஏன்?’ எனக் கேட்கலாம். அவ்வாறு படிக்கும் மாணவி மற்றொன்றையும் காண்பாள்: தாழியைத் திறந்தவள் பண்டோரா என்று கூறும் ஹெசியோட், அதனை அங்கே வைத்தவர் யார் என்று கூறவில்லை.