விலாங்குசல்லியைக் கடல் விழுங்கவில்லை



இரண்டு நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு தீவைக் "கடல் விழுங்கிவிட்டதாம்". குமரிக்கண்டத்தையும் சேர்த்துக்கொண்டு உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளே இதைப் பகிர்வதால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் என்று வகுப்பில் படித்தோமே, அதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கடியில். கடல்மட்டம் ஏறியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கடலில் மற்றத் தீவுகள் நிற்கின்றனவே?

இவை மலைகள் அல்ல. பவளப்பாறை மேல் அலை கொண்டுவந்து சேர்த்த மணல். சுற்றிலும் இருக்கும் பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும். அந்தப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கு, சிமெண்டுக்கு, வீட்டுச் சுவருக்கு! 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், வெட்டு நிற்கவில்லை. 2001-இல் புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. அப்போதும் உடனே நிற்கவில்லை.

"மீனவர்கள்தானே வெட்டினார்கள்" என்று ஒரு தம்பி கீழே எழுதுவான். தம்பி, வெட்டினவனுக்குக் கிடைத்தது கூலி. கல்லை வாங்கினது யார்?

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் இப்படித்தான் தேய்ந்தது. அதைக் காப்பாற்ற 2015-க்குப் பிறகு கான்கிரீட் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். சிமெண்டுக்காக வெட்டின இடத்தில் சிமெண்டையே கொண்டுபோய்ப் போடுகிறோம்.

அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.