கேட்காமல் நடக்கும் புதுப்பிப்பு



சென்ற மாதம் ஒரு காதணி விழாவில் எங்கள் உறவுக்கார அக்காள் ஒருவரைச் சந்தித்தேன். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. மகன் ஜொகூர் பாருவில் வீடெடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். இலை போட்டுப் பரிமாறும் நேரத்தில் அக்காள் என்னைத் தனியே அழைத்துக் கைப்பேசியை நீட்டினார். “தங்கச்சி, நீ பத்திரிகையில எழுதுறவ. இந்தப் போனுக்கு என்ன கேடுன்னு பார்த்துச் சொல்லும்மா” என்றார்.

நடந்தது இதுதான். ஓர் இரவு வேலை முடிந்து திரும்பும்போது மகன் மழையில் சறுக்கி விழுந்துவிட்டான். காலில் அடி. மருத்துவமனையிலிருந்து அம்மாவை வாட்ஸ்அப்பில் ஐந்து முறை அழைத்திருக்கிறான். தலைமாட்டிலேயே இருந்த கைப்பேசி ஒரு முறைகூட மணி அடிக்கவில்லை. விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்ப எழுந்தவர் கைப்பேசியை எடுத்துப் பூட்டு எண்ணைத் தட்டியதும், ஐந்து அழைப்புகளும் செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. பையன் இப்போது நன்றாக நடக்கிறான். ஆனால் அந்தத் தாய்க்கு மனம் ஆறவில்லை.

கைப்பேசிக்குக் கேடு எதுவும் இல்லை. இரவில் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. அப்படி எழுந்த கைப்பேசி, நாம் பூட்டு எண்ணை ஒரு முறை தட்டும் வரை பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் நம் செய்திகளும் படங்களும் பிறர் கைக்குப் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த நிலையில் வாட்ஸ்அப் போன்றவை வேலை செய்யாது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஆகவே வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள்: அவசரம் என்றால் காசைப் பார்க்காமல் சாதாரண அழைப்பில் கூப்பிட வேண்டும். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அக்காளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. மாதத்துக்கென்று டாப்-அப் போட்டு வாங்கும் டேட்டா ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறதாம். கடைக்குட்டி படம் பார்த்துத் தீர்க்கிறாள் என்று அவளுக்கு அடியும் விழுந்திருக்கிறது. பாவம், குழந்தை! வீட்டில் சிம் அட்டை போட்ட சிறு மோடம் ஒன்று உண்டு. அதில் பிள்ளையின் டேப்லெட்டை இணைத்திருக்கிறார்கள். டேப்லெட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ‘வைஃபை கிடைத்துவிட்டது’ என்பதுதான். அந்த வைஃபை அப்பாவின் சம்பளத்தில் அளந்து வாங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்? பட்டணத்து வீடுகளில் அளவில்லாமல் வரும் வைஃபை என்று நினைத்து, எல்லாச் செயலிகளையும் புதுப்பித்துத் தள்ளுகிறது. டேப்லெட்டின் மூல மென்பொருளுக்கே புதுப்பிப்பு வந்தால் அது மட்டும் ஒரு ஜிபியைத் தாண்டுவதுண்டு.

இதற்கு மருந்து உண்டு. டேப்லெட்டில் செட்டிங்ஸ் போய் (மலாய் மொழியில் வைத்திருப்பவர்களுக்குத் ‘தெத்தாப்பான்’), வைஃபை பக்கத்தில் உங்கள் மோடத்தின் பெயரைத் தொடுங்கள். உள்ளே ‘மீட்டர்டு’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால், இது அளந்து வாங்கிய இணைப்பு என்று கருவி புரிந்துகொண்டு பெரிய இறக்கங்களை நிறுத்தி வைக்கும். ஐபோனில் அதே இடத்தில் ‘லோ டேட்டா மோட்’ என்று இருக்கும். கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் திறந்து கொடுக்கும் வீடுகளிலும் இதைச் செய்வது நல்லது. சில கருவிகள் தாமாகவே கண்டுகொள்ளும், எல்லாம் அல்ல.

செயலிகள் தாமாகப் புதுப்பிப்பதை நிறுத்த, பிளே ஸ்டோரைத் திறந்து வலப்பக்க மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் பிரிஃபரன்ஸஸ், அதற்குள் ஆட்டோ-அப்டேட் ஆப்ஸ். ‘டோன்ட் ஆட்டோ-அப்டேட்’ என்பதைத் தேர்ந்தால் போதும். ஐபோனில் ஆப் ஸ்டோருக்கான செட்டிங்ஸில் ‘ஆப் அப்டேட்ஸ்’ என்பதை அணைக்க வேண்டும். நள்ளிரவில் அணைந்து எழும் மூல மென்பொருள் விவகாரம் வேறு. சாம்சங்கில் செட்டிங்ஸின் அடியில் ‘சாப்ட்வேர் அப்டேட்’ இருக்கும். அங்கே வைஃபையில் தானாக இறக்குவதை அணைத்துவிடலாம். ஐபோனில் ஜெனரல், சாப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்.

வேறு சில கைப்பேசிகளில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டி ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்ற மறைவான பக்கத்தைத் திறக்கும்படி பையன்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பக்கம் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் வேலை செய்ய மறுக்கின்றன. பிறகு பணம் அனுப்ப முடியவில்லை என்று இன்னொரு கவலை.

‘அப்படியானால் புதுப்பிப்பே வேண்டாம், எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறேன்’ என்றார் அக்காள். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. புதுப்பித்த பிறகு பழைய கைப்பேசி நத்தையாகிவிடுகிறது என்று நம் பெண்கள் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது வெறும் கற்பனை அல்ல. பழைய மின்கலம் உள்ள ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் வணிகப் போட்டி ஆணையம், புதுப்பிப்புகளால் பழைய கைப்பேசிகளைப் பாதித்ததற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது.

இருந்தாலும் அடைத்தே வைப்பது ஆபத்து. 2019 மே மாதம் வாட்ஸ்அப்பில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு விடுத்தே, அதை நாம் எடுக்காவிட்டாலும்கூட, ஒற்றுக் கேட்கும் மென்பொருளை நம் கைப்பேசிக்குள் நுழைத்துவிடலாம். அந்த ஓட்டையை அடைத்தது ஒரு புதுப்பிப்புதான். புதுப்பிக்காதவர் கைப்பேசியில் ஓட்டை அப்படியே இருந்தது. இப்போது சம்பளம், பிள்ளையின் படிப்புக் காசு எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் பூட்டு மாற்றுவது தொல்லை என்று பழைய பூட்டோடு விடுவோமா?

அக்காள் வீட்டுக்கு நாங்கள் பேசி வைத்த ஏற்பாடு இது. தானாக நடப்பது எல்லாம் அணைக்கப்பட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டணத்தில் அளவில்லாத வைஃபை உள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது, சார்ஜில் போட்டுவிட்டு, வங்கிச் செயலி, வாட்ஸ்அப், மூல மென்பொருள் மூன்றையும் கையால் புதுப்பிக்க வேண்டும். விளையாட்டுச் செயலிகள் கிடக்கட்டும். சமைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். முடிந்ததும் பூட்டு எண்ணைத் தட்டி, மகனுக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்புப் போட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பழைய கைப்பேசியில் இடம் இல்லை என்று வந்தால், வாட்ஸ்அப்பில் குவிந்திருக்கும் காலை வணக்கப் படங்களை அழியுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘உங்கள் வங்கிச் செயலி காலாவதியாகிவிட்டது, இங்கே தொட்டுப் புதுப்பிக்கவும்’ என்று குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் தொடாதீர்கள். அது புதுப்பிப்பு அல்ல, ஏபிகே என்ற கோப்பை உள்ளே அனுப்பிக் கணக்கைத் துடைக்கும் திருட்டு. செயலிக்கான புதுப்பிப்பு பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் போன்ற கடையிலிருந்தும், மூல மென்பொருளுக்கு உரியது செட்டிங்ஸிலிருந்தும்தான் வர வேண்டும். தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு வீட்டுக்காரரிடம் மறைத்துக்கொண்டிராமல், உடனே வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். மலேசியாவில் இணைய மோசடிக்கென்றே உள்ள எண் அது.

உங்கள் கைப்பேசியில் நான் சொன்ன பெயர்கள் வேறு மாதிரி இருந்தால், கைப்பேசியின் பெயரையும் திரையில் என்ன தெரிகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தேடிப் பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன். பூட்டு எண்ணை மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள். சென்ற முறை இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.