கட்டியபின் கவனிக்க வேண்டும்

படியிறங்கும்போது கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டால், உடனே மருந்துக்கடைக்கு ஆளனுப்பி ஒரு கிரேப் பேண்டேஜ் வாங்கிவரச் செய்து, வீட்டில் கைபலம் உள்ள ஒருவர் அதை இழுத்துச் சுற்றி, இறுக்கமாக இருந்தால்தான் வீக்கம் வடியும் என்று தைரியமும் சொல்லிக் கொக்கியை மாட்டிவிடுவது நம்மிடையே சர்வசாதாரணமான காரியம். அன்பினால் செய்யும் இந்தச் சிகிச்சையில் குற்றம் எதுவும் இல்லை. கட்டு முடிந்தவுடன் கடமையும் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோமே, அதில்தான் அபாயம் இருக்கிறது.

மூட்டு பிசகும்போது எலும்புகளைப் பிணைத்து நிற்கும் நார்கள் நைந்தோ கிழிந்தோ போக, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து அவ்விடம் வீங்குகிறது. இவ்வீக்கம் முதல் ஓரிரு நாட்கள் வளர்ந்துகொண்டே போகக்கூடியதாகையால், மாலையில் அளவாகப் பொருந்திய கட்டு, யாரும் தொடாமலேயே நள்ளிரவில் காலை நெரிக்கும் கட்டாக மாறிவிடலாம். இறுகிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் சுருங்கி அவயவம் நிரந்தரமாக முடங்கக்கூடும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் 1881ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இத்தகைய விபரீதம் அபூர்வமே. ஆயினும், மிதமான அழுத்தம் வீக்கத்தை அடக்கி மூட்டுக்குச் சற்று ஆதரவு தருமேயன்றி, இறுக்கிக் கட்டினால் கிழிந்த நார் விரைவில் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லாதபோது, அந்த ஆபத்தை எதற்காக வலிந்து ஏற்க வேண்டும்?

பாதத்தைக் காலுக்குச் செங்கோணமாக நிறுத்தி, விரல்களின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி, கணுக்காலுக்குச் சற்று மேல்வரை சீராகச் சுற்றிவர வேண்டும். துணியை அதன் முழு நீட்சிக்கும் இழுக்கலாகாது. குதிகாலை இடைவெளியாக விட்டால் வீக்கம் அங்கே பிதுங்கும். விரல் நுனிகளை மட்டும் அவசியம் வெளியே விட வேண்டும். உள்ளே நடப்பதை நமக்கு அறிவிப்பவை அவைதாம்.

கட்டிய சற்று நேரத்திலும், பின்னர் சில மணிக்கு ஒருமுறையும் அவ்விரல்களைப் பார்க்க வேண்டும். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டால், வெளுத்த நகம் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அவ்வாறு சிவக்காவிட்டாலோ, விரல்கள் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, குத்தல் எடுத்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, ஒரு நொடியும் தயங்காமல் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்த பின்னும் நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட வேண்டும். மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உறங்கப் போகுமுன் கட்டை அகற்றிக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதே உத்தமம்.

நெடுநாள் சர்க்கரை வியாதியினால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்களுக்கும், காலில் ரத்த ஓட்டம் குன்றியவர்களுக்கும் வலி என்னும் எச்சரிக்கை வராமலே தீங்கு நேரக்கூடுமாதலால், மருத்துவரைக் கேளாமல் அவர்களுக்குக் கட்டுப் போடலாகாது. ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியாதவரும், கணுக்கால் எலும்பைத் தொட்டாலே துடிப்பவரும் சுளுக்குத்தானே என்றிராமல், முறிவு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இவையெல்லாம் ஒரு சிறு துண்டுத்தாளில் அடங்கிவிடக்கூடிய விஷயங்கள். பேண்டேஜ் தயாரிப்பவர்கள் இவற்றை எளிய தமிழில், படத்துடன், உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். மருந்துக்கடைக்காரர்கள் சில்லறையைக் கொடுக்கும்போதே, ‘விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி அவிழ்த்துவிடுங்கள்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டும். இதற்குச் செலவு அற்பம். காக்கப்படுவதோ ஒருவருடைய கால்.