பழி ஓட்டுநருக்கா? முதலில் கம்பியை அளந்து பாருங்கள்!

பால் குறைந்தால் பழி வெட்டுக்காரன் தலையில். மண்வாரியின் கை அசையாவிட்டால் ஓட்டுநர் தலையில்! பாயான் பாருவில் இயந்திரம் ஓட்டும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதே நீதிதானா?

தோழர்களே! இன்றைய மண்வாரிகளில் எண்ணெய்க்கு வழிவிடுவது பெரும்பாலும் மின்சுருள் வால்வுதான். அதன் இணைப்பில் மழைநீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்தால் கை நின்றுவிடும். பம்பைக் கழற்றி என்ன பயன்? கையைத் தரையில் இறக்கி, அல்லது முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தைத் தணித்த பிறகு சாவியை மட்டும் திருப்பி அளக்கட்டும். இணைப்பைக் கழற்றி அளந்தால் 24 வோல்ட் காட்டும். சுருள் மின்சாரம் இழுக்கும்போதுதான் கெட்ட கம்பியின் குட்டு வெளிப்படும்.

அதற்குப் பொறுமையில்லாத நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்க மட்டும் முந்துவதேன்? உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி திருத்தாவிட்டால் விலகி நிற்கும் உரிமை 2024 ஜூன் 1 முதல் சட்டத்தில் உண்டு. அளந்த எண்ணைத் தாளில் காட்டாதவரை நம் பிள்ளைகள் எதிலும் கையொப்பமிட நாம் சம்மதியோம்.