‘சூப்பர் ப்ரோ’வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு இணையதளம் தொடங்குவது இன்றைக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தொடங்கிவிட்டு, “எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க” என்று நாலு பேரிடம் கேட்கிறோம் பாருங்கள், அங்கேதான் உயிர் போகிறது.

பொழுதுபோக்காக வீடியோ கேம் செய்கிறவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். பகலில் ஐடி கம்பெனி, கூரியர் ஆபீஸ், பாலிடெக்னிக் வாத்தியார் வேலை. ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு லேப்டாப்பைத் திறந்து, கோடாட்டிலோ யூனிட்டியிலோ ஒரு பொம்மையைக் குதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விற்றுச் சம்பாதிக்கிற எண்ணமெல்லாம் பெரும்பாலும் கிடையாது. யாராவது ஆடிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர்களுக்காக நண்பர்கள் சில பேர் சேர்ந்து, கைக்காசு போட்டு ஒரு தளம் செய்தோம். செய்த கேமை ஏற்றலாம், பிரவுசரிலேயே ஆடலாம், ஆடியவர் கீழே எழுதலாம், எல்லாம் தமிழில். சோதனைக்குத் திறந்துவிட்டு வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்டு என்று கண்ட இடத்திலெல்லாம் லிங்கைப் போட்டுக் கருத்துக் கேட்டோம்.

வந்தது என்ன? நெருப்புப் பொம்மை. கைகூப்பும் பொம்மை. “சூப்பர் ப்ரோ.” “செம ணா.” “வாழ்த்துகள் அண்ணா, மேலும் வளர்க.” ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார், அது தளத்துக்கா, பொதுவாகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

வாழ்த்து வேண்டாம் என்று யார் சொன்னது? வரட்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் பட்டனை எங்கே நகர்த்துவது?

சரி, கேட்கிற விதத்தில்தான் கோளாறு போலிருக்கிறது என்று கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டோம். பதிவு செய்வது எப்படி இருந்தது, கேமை ஏற்றுவது எப்படி இருந்தது என்று தனித்தனியாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் விழுந்தது. சந்தோஷப்பட்டோம். பிறகு சர்வர் பதிவைத் திறந்து பார்த்தால், கேம் ஏற்றும் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்கு வரவே இல்லை. ஒருவர் கணக்கே திறக்கவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் என் அக்கா பையனும் ஒருவன். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், ஒரு சின்ன கேம் செய்து வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனை, “எங்கே, ஏத்திக் காட்டு” என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அவன் கேம் இருந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்தான், ஜிப் ஆக்கினான், ஏற்றினான். சிவப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்: இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் இல்லை. இருக்கிறது, ஆனால் ஜிப்புக்குள்ளே ஒரு ஃபோல்டர், அந்த ஃபோல்டருக்குள்ளே இருக்கிறது. எங்கள் நிரல் ஜிப்பைத் திறந்ததும் முதல் தட்டில் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரித்துவிடும். ஃபோல்டரை அப்படியே ஜிப் ஆக்குவதுதான் யாரும் செய்கிற காரியம். பையன் அதே ஜிப்பைத் திரும்ப ஏற்றினான். அதே சிவப்பு வரி. “நெட் ஸ்லோ போல மாமா” என்று மூடிவிட்டான்.

“ஏன்டா, முன்னாடியும் இப்படித்தான் ஆச்சா?”

“ஆமா மாமா.”

“அப்புறம் எதுக்குடா அஞ்சு ஸ்டார் போட்டே?”

“நீங்க செஞ்சதாச்சே மாமா.”

இதற்கு என்ன பதில் சொல்வது? பையனைக் குறை சொல்லவும் முடியாது. நாம் எல்லோரும் அப்படித்தானே. கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா வந்து “சாப்பாடு எப்படி?” என்றால் “அமோகம்” என்போம், ரசத்தில் உப்பே இல்லை என்பதைக் கைகழுவுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வோம். எங்கள் தளத்துக்கும் அப்படி ஒரு கைகழுவுகிற இடம் இருந்தது. நாங்கள் இல்லாத வேறொரு குழுவில் “ஜிப் போட்டா எரர் வருது, வேஸ்ட்” என்று நடுராத்திரி வரை பேசியிருக்கிறார்கள். ஒரு நண்பர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அதில் இருந்த நாலு வரி, எங்கள் ஃபார்மில் வந்த எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது. அதை எங்களிடம் சொன்னால் என்ன, வாய் வெந்தா போகும்?

வாழ்த்து சொல்லாதவர்கள் வரம் கேட்பார்கள். டார்க் மோட் வேண்டும். ஆண்ட்ராய்டு ஆப் வேண்டும். ஆடினால் காயின் கிடைக்க வேண்டும், காயினை ரூபாயாக மாற்ற வேண்டும். ஏஐ வேண்டும், எதற்கு என்று கேட்டால், “இப்ப எல்லாத்துலயும் இருக்கு ப்ரோ.” மாதாமாதம் சர்வர் வாடகைக்கு உண்டியல் குலுக்குகிறவர்களிடம் கேட்கிற வரமா இது? இவர்களில் யாராவது ஏற்கெனவே இருக்கிற தேடல் பெட்டியில் தமிழில் தட்டிப் பார்த்தார்களா என்றால், இல்லை.

“இட்ச் ஐஓ இருக்கும்போது இது எதுக்கு?” என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். லீஃப் கார்கரன் 2013இல் தொடங்கிய தளம் அது. விற்ற பணத்தில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கேம் செய்தவரே முடிவு செய்யலாம் என்று வைத்த புண்ணியவான். நாங்களும் அதில்தான் முதலில் போட்டோம், இன்னமும் போடுகிறோம். ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் நம்ம ஆள் செய்த பல்லாங்குழி கேம் கண் மூடித் திறப்பதற்குள் அடியில் போய்விடுகிறது. அதை ஆடிப் பார்த்து, காய் எடுக்கிற கணக்கு எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி இல்லையே என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை. அந்த ஆளைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

எல்லாவற்றையும்விட எரிச்சல், கருத்துக் கேட்ட இடத்தில் தன் கேம் லிங்கை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள். “நல்லா இருக்கு அண்ணா, அப்படியே என் கேமையும் பார்த்துச் சொல்லுங்க.” அதன் கீழே அடுத்தவர் லிங்க். அதன் கீழே இன்னொருவர். முந்தின லிங்கை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். தன் கேமை உலகம் ஆட வேண்டும், அடுத்தவன் கேமுக்கு இரண்டு நிமிஷம் கிடையாது. இவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் நின்றுகொண்டு, கருத்துச் சொல்ல ஆளில்லையே என்று ஒரே குரலில் புலம்புகிறார்கள். பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

இந்த வியாதி நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. லூடம் டேர் என்று ஒரு போட்டி 2002இலிருந்து நடக்கிறது. ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், அதன் ஒரு பிரிவில் 48 மணி நேரத்தில் தனி ஆளாக ஒரு கேம் செய்து முடிக்க வேண்டும். நடுவர் என்று யாரும் கிடையாது; கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடி, சில வாரம் மதிப்பெண் போடுவார்கள். அங்கேயும் தன் கேமைப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டுகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? அதற்கு ஒரு வழி வைத்தார்கள்: நீ எவ்வளவு பேர் கேமை ஆடி எழுதுகிறாயோ, அந்த அளவுக்கு உன் கேம் மற்றவர் கண்ணில் முன்னால் படும். சுமார் 20 பேராவது மதிப்பெண் போடாவிட்டால் இறுதிப் பட்டியலில் உனக்கு இடமே கிடையாது. சந்தோஷம், படம், ஒலி, நகைச்சுவை என்று தனித்தனியாக மதிப்பெண். ஒட்டுமொத்த ‘சூப்பர்’ ஒன்றோடு விஷயம் முடிந்துவிடாது. இதே ஏற்பாட்டை நாங்களும் செய்யலாம் என்று குழுவில் சொன்னபோது வந்த முதல் பதில்: “ப்ரோ, ஃப்ரீ சைட்டுக்கு இவ்ளோ ரூல்ஸா?”

ஓட்டு வைத்துவிடுங்கள், மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அதையும் பெரிய கை ஒன்று செய்து பார்த்தாயிற்று. ஸ்டீம் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2012 ஆகஸ்டில் கிரீன்லைட் என்று ஒன்றைத் திறந்தது. இந்த கேம் ஸ்டீமில் வந்தால் வாங்குவீர்களா, ஆம் அல்லது இல்லை என்று ஜனங்கள் ஓட்டுப் போடலாம். திறந்த சில நாளிலேயே கிண்டலுக்கும் கேலிக்கும் போட்ட போலிப் பதிவுகள் குவிந்து, 100 டாலர் கட்டணம் வைக்கும்படி ஆனது. அப்புறம் ஓட்டுக்கு ஓசி கேம் என்று பட்டுவாடா தொடங்கியது. நமக்குப் பழகின கதைதான். 2017 ஜூனில் கிரீன்லைட்டை மூடிவிட்டு, 100 டாலர் கட்டினால் யாரும் போடலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆம், இல்லை என்ற இரண்டு பதிலில் எந்த கேம் செய்தவனும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது என்பது என் கட்சி.

இணையதளங்களை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையே தொழிலாகப் பார்த்தவர் ஜேக்கப் நீல்சன். நூறு பேர் இருக்கிற இடத்தில் 90 பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று 2006இல் எழுதினார். அதற்கும் முன்னால், 2000இல், ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்றும் சொன்னார். அக்கா பையன் ஒருவனிலேயே எனக்கு அது தெரிந்துபோனது. ஆனால் கோயம்புத்தூரில் ஒருவர், தூத்துக்குடியில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று இருக்கும்போது யார் பக்கத்தில் போய் நான் உட்கார? அதனால்தான் ஐயா எழுதிக் கேட்கிறோம்.

ஒரே ஒருவர் திட்டினார். மனிதர் வஞ்சகமில்லாமல் திட்டினார். “எவன்டா இதைச் செஞ்சது? இடது பக்கம் இழுத்தா கார் திரும்பறதுக்குப் பதிலா கேமே வெளியே போயிடுது. லெவல் ஆறு வரைக்கும் வந்தேன், எல்லாம் போச்சு.” அவருக்கு மாலை போட வேண்டும் போலிருந்தது. திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ‘பின்னால் போ’ என்று எடுத்துக்கொள்கிற போன்கள் இருக்கின்றன. கீழே மூன்று பட்டன் வைத்திருக்கிறவர்களுக்கு இது நேராது. எங்கள் எல்லோர் போனிலும் மூன்று பட்டன், அதனால் எங்கள் கண்ணில் படவில்லை. என்ன போன், எந்த பிரவுசர் என்று ஓடிப்போய்க் கேட்டோம். அதற்குள் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். திட்டுகிறவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று திட்டியிருக்கக் கூடாதா?

இன்னொருவர் எழுதியது இரண்டே வார்த்தை: “ஃபான்ட் சரியில்லை.” எந்தப் பக்கத்தில்? பதில் இல்லை. பெரிசா, சின்னதா, கோணலா? பதில் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு தளத்தின் எழுத்துருவையே மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் தளத்தில் ஒன்றுமில்லை; கோலிக்குண்டு கேம் ஒன்றின் முகப்பில் ‘கோ’வின் இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. பழைய கோடாட்டில் செய்த கேம். தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டுகிற வசதி அதில் 2023இல் வந்த நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது. செய்த தம்பிக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒரு ஸ்க்ரீன்ஷாட், அவ்வளவுதான். காலை வணக்கத்துக்குப் படம் அனுப்பத் தெரிந்த ஜனங்களுக்கு இதற்கு மட்டும் கை வராது.

ஆகையால், ஆட்டம் செய்கிற அண்ணன் தம்பி அக்கா தங்கைகளே, எங்கள் தளம் என்றில்லை, யார் கேட்டாலும் சரி, நாலு வரி எழுதுங்கள். என்ன போன் அல்லது என்ன கம்ப்யூட்டர். என்ன செய்யப் போனீர்கள். எந்த இடத்தில் நின்றுபோனது. அப்போது திரையில் என்ன இருந்தது. நட்சத்திரம் வேண்டாம், வாழ்த்தைப் பொங்கலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். மனசு கஷ்டப்படுமே என்று பார்க்காதீர்கள். படாது, பட்டாலும் பரவாயில்லை. உங்கள் கேம் லிங்கை ஒட்டுவதற்கு முன்னால், மேலே இருக்கிறவர் கேமை ஒரு லெவலாவது ஆடிவிட்டு ஒட்டுங்கள்.

ஜிப்புக்குள் ஃபோல்டர் இருந்தாலும் இப்போது ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சிவப்பு வரியையும் தமிழில் மாற்றியாயிற்று. ஓரத்தில் இழுத்தால் வெளியே போகிற கோளாறு மட்டும் இன்னும் தீரவில்லை. அது உங்கள் போனிலும் நடந்தால், எந்த போன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.