எண்ணூர்ப் பிள்ளைகளின் மனதையும் மதிப்பிடுங்கள்



அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை படிப்பவர்களின் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைகளைச் சோதித்துப் பயிற்சி தரும் 'திறன்' இயக்கம் 2025-இல் தொடங்கியது. நல்ல முயற்சி. எங்கள் எண்ணூர்ப் பிள்ளைகளிடம் இன்னொன்றையும், அவர்களின் மனதையும், பார்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றில் பரவி வலைகளைப் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. அன்று தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் பலர் இப்போது நடுநிலை வகுப்புகளில். பயம் வந்தால் யாரிடம் சொல்கிறாய் என்று எந்தத் தேர்வுத்தாளும் அவர்களைக் கேட்பதில்லை. அவர்களின் வாழ்க்கைத் திறனையும் அது காண்பதில்லை: முகத்துவார நீரோட்டம் பார்த்தே இறால் படும் இடத்தைச் சொல்கிற பையன், வகுப்பில் 'மெல்லக் கற்பவன்' ஆகிவிடுகிறான்!

2012-13-இல் வந்த முப்பருவ முறையில் வாழ்க்கைத் திறனுக்கும் தரமிட இடம் இருந்தது. நான் கண்டவரை, பருவக் கடைசியில் அவசரமாக நிரப்பும் கட்டமாகவே அது போயிற்று. மதிப்பெண் வேண்டாம், ஆசிரியர் ஆண்டு முழுக்கக் கவனித்து எழுதும் சில வரிகளும், வாரம் ஒருநாள் வரும் மனநல ஆலோசகரும் வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

— நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திருவொற்றியூர்